கேட்டுப் பழகிய கறி

மூன்றாவது நாளும் மழை விடவில்லை. அடித்துப் பெய்து ஓய்ந்துவிட்டால் நாலு திட்டு திட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம். இதுவோ, விருந்துக்கு வந்த உறவுக்காரர் கிளம்ப மனமில்லாமல் உட்கார்ந்திருப்பது மாதிரி, நசநசவென்று கூரைமேலேயே கிடந்தது. முதல் நாள் காற்றில் பெரிய மரம் ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே சாய்ந்தது. சாய்ந்த மரம் சும்மா சாயாமல் கரண்டுக் கம்பியையும் அறுத்துக்கொண்டு விழுந்துவிட்டது. அன்றிலிருந்து தெருவில் விளக்கில்லை, டிவி இல்லை, மோட்டார் சத்தம் இல்லை. சத்தமெல்லாம் அடங்கிப்போனதில் வீடு வேறு யாருடைய வீடோ போலிருந்தது. பகல் பத்து மணிக்கும் அறைகளில் சாம்பல் நிற வெளிச்சம்தான். யார் எழுந்து நடந்தாலும் தூக்கத்தில் நடப்பது போல மெதுவாக நடந்தார்கள்.

அந்த வீட்டுக்காரியைத் தெருவில் எல்லோரும் கேன்டீன் அக்கா என்பார்கள். ஓட்டுத் தொழிற்சாலையின் கேன்டீனில் தினம் இருநூறு பேருக்குச் சமைக்கிறவள். அவள் சமையலுக்காகவே ஓவர்டைம் கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு என்று ஒரு பேச்சு. அப்படிப்பட்டவள், கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் தன் வீட்டு அடுப்பில் காட்டுக்கறியை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. தொட விட்டால்தானே!

அவள் புருஷன் மர அறுவை மில்லில் ரம்பத்துக்குப் பல் தீட்டுகிறவர். ரம்பக்காரர் என்றால்தான் தெரியும். சீசன் வந்தால், பயிரை அழிக்கிற பன்றிகளைச் சுட அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு கூட்டாளியோடு காட்டுக்குப் போவார். கறி வீட்டுக்கு வந்த அன்றைக்கு அவரும் கூட்டாளியும் சமையலறைக்குள் போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார்கள். புதுப்பெண்ணாக இருந்தபோது ஒரு தரம், "நான் வேணா வெங்காயம் நறுக்கித் தரட்டுமா?" என்று ஆசையாகக் கேட்டாள்.

"உன்னோடது கேன்டீன் கை. அண்டாவுல கிண்டற கை. காட்டுக்கறிக்கு அது ஆகாது" என்றார் ரம்பக்காரர்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சொன்னவர் அன்றைக்கே மறந்திருப்பார். வாங்கிக்கொண்டவளுக்கு அது தைத்த முள்ளாக உள்ளேயே தங்கிவிட்டது. அப்புறம் அவள் கேட்கவே இல்லை. மூடிய கதவுக்கு வெளியே உட்கார்ந்து துணி மடிப்பாள்.

ஆனால் காதுக்கு யார் தாழ்ப்பாள் போடுவது? எண்ணெய் காய்கிற மௌனம், வெங்காயம் விழுகிற சளார், அது சுருங்கச் சுருங்க அடங்கிவருகிற சத்தம், கறி விழுந்ததும் எழுகிற பெரிய இரைச்சல் என்று ஒவ்வொன்றும் அவளுக்கு மனப்பாடம். கறியின் இரைச்சல் அடங்கியதும் ஒரு பாட்டில் திறக்கிற 'டப்' கேட்கும். பின்னாலேயே களுக் களுக். பிறகு மூடி விழுகிற சத்தம். அப்புறம் மூன்று மணி நேரம் வெறும் முணுமுணுப்பு. கடைசியில் கதவு திறந்து ரம்பக்காரர் வரும்போது அவரிடம் கிராம்பு மணக்கும். பாட்டிலும் கிராம்பும்தான் சூட்சுமம் என்று அவள் கண்டுபிடித்து வைத்திருந்தாள். 'எங்க வீட்டுக்காரர் குடிக்கிறதுக்கு பாட்டில் வாங்க மாட்டார், கறிக்கு ஊத்தறதுக்குத்தான்' என்று கேன்டீனில் பெருமையாகச் சொல்லியும் வைத்திருந்தாள். நம்பிக்கை வந்துவிட்டால் மூக்கு அடைத்துக்கொள்ளும் போலிருக்கிறது.

அந்த மனிதர் மூன்று மாதத்துக்கு முன்னால் மில்லில் ரம்பத்தைக் கையில் வைத்துக்கொண்டே சரிந்தார். வலது பக்கம் கையும் காலும் போயிற்று. பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் இரண்டு மாதம் எதையோ எதிர்பார்ப்பவர் மாதிரி இருந்தார். பேசுவதற்குப் பதிலாகத் தலையை ஆட்டச் சொன்னார்கள், ஆட்டவில்லை. காகிதமும் பென்சிலும் கொடுத்தார்கள், இடது கையால் வீசி எறிந்தார். மூன்று வாரத்துக்கு முன்னால், எதிர்பார்த்தது வராது என்று தெரிந்துகொண்டவர்போல, இரும்புக் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். படுத்தவர் படுத்தவர்தான். விழுங்க முடியும், குழைவாகக் கொடுங்கள் என்றார் டாக்டர். வாயைத் திறந்தால்தானே விழுங்க? கஞ்சியும் பழக்கூழும் உதட்டோரம் வழிந்து தலையணையை நனைத்தன. வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கிண்ணமாவது உள்ளே போகாவிட்டால், அட்மிட் பண்ணி மூக்கு வழியாகக் குழாய் போட்டுவிட வேண்டியதுதான் என்று டாக்டர் கெடு வைத்துவிட்டார்.

இன்று வெள்ளிக்கிழமை.

வெளியூரிலிருந்து வந்திருந்த மகள் பையைக் கட்டித் தயாராக வைத்திருந்தாள். ஆஸ்பத்திரி வண்டி விழுந்த மரத்துக்கு அந்தப் பக்கம் வரை வந்து திரும்பிப் போயிருந்தது. ரோடு திறந்ததும் வரும். மரத்தை அறுக்கிற மிஷின் சத்தம் மழைக்குள்ளிருந்து விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது.

"குழாய் போட்டுட்டா அவர் அப்படியே போயிடுவாருடி" என்றாள் அக்கா. "அதையும் பிடுங்கிப் போடுவார். கையைக் கட்டி வைப்பாங்க. அந்தக் கையைக் கட்டிட்டா அப்புறம் அவர்கிட்ட என்ன இருக்கு?"

"பட்டினியா கிடந்தா மட்டும் இருப்பாராம்மா?"

அக்கா சமையலறைக்குள் போய்விட்டாள்.

அங்கே பெரிய பாத்திரத்தில் கறி ஊறிக்கொண்டிருந்தது. நேற்றுச் சாயங்காலம் ஃபிரிட்ஜுக்கு அடியில் இளஞ்சிவப்பாகத் தண்ணீர் கசிந்தபோதுதான் அதன் நினைவே வந்தது. போன சீசனில் கடைசியாகச் சுட்ட பன்றியின் தொடைக்கறி, நாலு துண்டுகளாக, ஐஸ் அறையின் மூலையில். ஐஸ் விட்டுப்போன கறி, ஒன்று சமைக்க வேண்டும், இல்லை புதைக்க வேண்டும். புதைத்துவிடு என்றாள் மகள். அக்கா ஒன்றும் பேசாமல் வினிகர் கலந்த தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டாள். காட்டுக்கறி சமைப்பதற்கு முந்தின நாளே வினிகர் வாசனை வருவது அவள் மூக்குக்குத் தெரிந்த பாடம்.

காலையில், சாய்ந்த மரத்தின் மேலேயே ஏறிக் குதித்து, கூட்டாளி வந்து சேர்ந்தான். மர லாரி ஓட்டுகிறவன். ரோடு அடைத்துக்கொண்டதில் வேலையில்லை. அவனுக்கு ரேடியோ என்று பெயர். காரணம் கேட்கத் தேவையில்லை, ஒரு நிமிஷம் பக்கத்தில் நின்றால் போதும்.

"அண்ணி, மழைன்னா மழை, இப்படி ஒரு மழையை நான் பார்த்ததே இல்ல. அண்ணன் எப்படி இருக்காரு? சாப்பிட்டாரா? என்ன அண்ணி, வினிகர் மணக்குது... ஐயோ, அந்தத் தொடைக்கறியா! அந்தப் பன்னிய அண்ணன் எப்படிச் சுட்டாரு தெரியுமா..."

"தெரியும் தம்பி. நாலு தடவ சொல்லிட்டீங்க. கத்தியப் பிடிங்க. கொழுப்பை எப்படி எடுக்கணும்னு எனக்குத் தெரியாது. அதுல சத்தம் வராது பாருங்க."

கடைசி வாக்கியம் ரேடியோவுக்குப் புரியவில்லை. புரியாததைப் பற்றி அவன் கவலைப்படுகிறவனும் இல்லை. கறிமேல் படர்ந்திருந்த வெள்ளைச் சவ்வைக் கத்தி நுனியால் தூக்கி, பட்டுத் துணி கிழிவதுபோல் உரித்தான். மஞ்சள் கொழுப்பைச் சுத்தமாக வழித்தான். "இதுலதான் அண்ணி மொச்சை வாடையெல்லாம். இதை விட்டா அடுத்த தெரு நாய் வரைக்கும் வந்துடும்." உள்ளே கறி கறுஞ்சிவப்பாக, ஈர மரம் மாதிரி இருந்தது. அக்கா விரலால் தொட்டுப் பார்த்தாள். கேன்டீனுக்கு வருகிற கறி அழுத்தினால் அமுங்கும். இது அமுங்கவில்லை. காட்டில் ஓடித் திரிந்த கால். சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கிவைத்தாள்.

"இதையா அப்பாவுக்குக் குடுக்கப் போற?" வாசலில் நின்று மகள் கேட்டாள். "தொண்டையில அடைச்சா?"

"நூல் நூலாப் பிரியற வரைக்கும் வேகவெச்சு, மசிச்சுக் குடுப்பேன். சாப்பிடலைன்னா உன் இஷ்டப்படி கூட்டிட்டுப் போ. நான் குறுக்க நிக்க மாட்டேன்."

வாக்குக் கொடுத்துவிட்டாள்.

கனமான சட்டியை அடுப்பில் ஏற்றினாள். கதவைத் திறந்தே வைத்தாள். சமையலறைக்கும் கட்டிலுக்கும் இடையில் பத்தடி தூரம். ரம்பக்காரரின் முதுகு தெரிந்தது, போர்வைக்குள் ஒரு மேடு மாதிரி. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணைத் திறந்துகொண்டு இந்தச் சமையலை அவள் படித்ததில்லை அல்லவா? எண்ணெய் காய்ந்தது. வெங்காயம் போட்டாள், சளார். பூண்டு. சத்தம் மெல்ல மெல்ல இறங்கி, உள்ளுக்குள் பேசிக்கொள்வதுபோல் ஆனபோது கறியைப் போட்டாள். பெரிய இரைச்சல். நீராவி முகத்தில் அடித்தது. காட்டு வாசனை, ஈர இலையும் இரும்பும் கலந்த வாசனை, வீடு முழுக்க எழுந்தது. மழையும் சட்டியும் ஒரே சுருதியில் சத்தம் போட்டன. தான் உள்ளே நிற்கிறோமா, கதவுக்கு வெளியே துணி மடித்துக்கொண்டிருக்கிறோமா என்று அவளுக்கு ஒரு கணம் சந்தேகம் வந்தது.

இரைச்சல் அடங்கியது. ஒரு கைப்பிடி கிராம்பை அள்ளிப் போட்டாள். அலமாரியின் பின்னாலிருந்து அவருடைய பாட்டிலை எடுத்து, டப் என்று திறந்து, களுக் களுக்கென்று முக்கால் டம்ளர் அளவு சட்டிக்குள் சாய்த்தாள்.

'டங்!'

கட்டில் பக்கமிருந்து இரும்புச் சத்தம். டங், டங், டங், டங்!

மகள் அலறிக்கொண்டு ஓடினாள். அக்கா கரண்டியோடு ஓடினாள். ரம்பக்காரர் சுவர்ப்பக்கம் இல்லை. இந்தப் பக்கம் திரும்பியிருந்தார். ஸ்டூல் மேல் இருந்த எவர்சில்வர் டம்ளரை இடது கையில் பிடித்துக்கொண்டு கட்டில் கம்பியில் அடி அடி என்று அடித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கொட்டி மார்பெல்லாம் ஈரம். கண் இரண்டும் சமையலறை வாசலை முறைத்தன.

"என்னப்பா? மூச்சு முட்டுதா? நெஞ்சு வலிக்குதா?"

டங்!

"அம்மா, என்னன்னு பாரேன்!"

பின்னால் வந்து நின்ற ரேடியோ எட்டிப் பார்த்தான். கையில் அந்தப் பாட்டில். பாட்டிலைப் பார்த்தான், ரம்பக்காரரைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான்.

"அண்ணி... இதையா சட்டியில ஊத்துனீங்க?"

"ஆமா. எப்பவும் ஊத்தறதுதானே?"

"சட்டியிலயா! ஐயோ அண்ணி, அது சட்டிக்குப் போனதே இல்ல. அண்ணனுக்கு ஒரு டம்ளர், எனக்கு ஒரு டம்ளர். அதுக்குத்தானே கதவைச் சாத்தறது!"

"அப்ப கிராம்பு?"

"வாய் நாத்தம் தெரியாம இருக்க மெல்றது அண்ணி." சொல்லிவிட்டு, இருபத்தாறு வருஷமாகக் காத்த ஒரே ரகசியத்தையும் கொட்டிவிட்டோம் என்று உறைத்ததோ என்னவோ, ரேடியோ வாழ்க்கையில் முதல் தடவையாக வாயைப் பொத்திக்கொண்டான்.

அக்கா அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. இரண்டுக்கும் அடியிலிருந்து வேறொன்று, மெல்ல, வலித்துக்கொண்டே வந்தது.

"ஏங்க, இங்க பாருங்க" என்றாள். "ஒரு தட்டு தட்டினா இல்ல. ரெண்டு தட்டு தட்டினா ஆமா. புரியுதா?"

அவர் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

"கேன்டீன் கைன்னு சொன்னீங்களே அன்னைக்கு, காட்டுக்கறிக்கு ஆகாதுன்னு. நிஜமாவே என் கை ஆகாதா?"

டம்ளர் நகர்ந்தது. டங். ஒன்றோடு நின்றது.

"என்னை உள்ள விடாம இருக்கறதுக்காகச் சொன்னதா?"

டங். நெடுநேரம் கழித்து, இன்னொரு டங்.

"பாவி மனுஷா" என்றாள் அக்கா. "இருபத்தாறு வருஷமா இந்தக் கையப் பார்த்துப் பார்த்து..." மேலே சொல்ல முடியவில்லை. கரண்டி பிடித்த கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டதில் வெங்காயக் காரம் ஏறி, கண்ணீர் இன்னும் கொட்டியது. அவருடைய கண்ணிலிருந்தும் நீர் வழிந்தது. துடைக்க அவருக்கு ஒரு கைதான் இருந்தது, அதில் டம்ளர். அவளே முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"கறி அடி பிடிக்குது அண்ணி" என்றான் ரேடியோ, வெகு பணிவாக.

எழுந்து ஓடினாள். ஊற்றியதைத் திரும்ப எடுக்க முடியாது. கிராம்பில் பாதியைத் தேடிப் பொறுக்கினாள். பிறகு அடுப்படியில் நின்றபடியே கேட்க ஆரம்பித்தாள்.

"தண்ணி ஊத்தவா?"

டங் டங்.

"பச்சத் தண்ணியா?"

டங்.

"சரி சரி, சுடுதண்ணி. இதுக்கு எதுக்கு இவ்வளவு கோபம்? மிளகு இப்பவா?"

டங்.

"கடைசியிலயா?"

டங் டங்.

கேட்டுப் பழகியவள் அவள். இன்றைக்கு அவர் வெளியே கிடந்து கேட்கிறார். தீயைச் சற்றுக் கூட்டினால் கொதியின் சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடுகிறது, உடனே ஒரு டங். குறைத்தால் மௌனம். மூன்று மாதத்தில் அந்த வீட்டில் யாரும் யாரோடும் இவ்வளவு பேசவில்லை. மகள் கொஞ்ச நேரம் வாசற்படியில் நின்று பார்த்தாள். பிறகு கட்டிய பையைத் தலைக்கு வைத்து அப்பாவின் கட்டிலுக்குக் கீழேயே படுத்துத் தூங்கிப்போனாள், மூன்று ராத்திரி தூக்கத்தைச் சேர்த்து. ரேடியோ மெல்லிய குரலில் அந்தப் பன்றிக் கதையை ஐந்தாவது தடவை ரம்பக்காரருக்குச் சொன்னான். மூடியின் ஓரத்தில் ஆவி எழுந்து, ஜன்னல் வெளிச்சத்தில் கலைந்து, மறுபடி எழுந்தது. மணி என்ன என்று யாருக்கும் தெரியவில்லை, கடிகாரம்கூடக் கரண்டில் ஓடுகிறது. வாசனை மட்டும் மாறிக்கொண்டே வந்தது. முதலில் காடாக இருந்தது, பிறகு வீடாயிற்று.

மரத்தை அறுக்கிற மிஷின் ஒரு தடவை நெடுநேரம் கிறீச்சிட்டது. ரம்பக்காரர் முகம் சுளித்தார்.

"பல்லு மழுங்கிடுச்சா அண்ணே?" என்றான் ரேடியோ.

டங் டங்.

"தீட்டத் தெரியாத பசங்க" என்றான். டங் டங் என்று பதில் வந்தது, கேட்காமலேயே.

கொஞ்ச நேரத்தில் மிஷின் சத்தம் ஒரேயடியாக நின்றுவிட்டது. மரம் அறுந்துவிட்டது. இனி எப்போது வேண்டுமானாலும் வண்டி வரும். மூடியைத் திறந்து கரண்டி நுனியால் ஒரு துண்டை அழுத்தினாள். எதிர்ப்பில்லாமல் நாராகப் பிரிந்தது. மிளகைத் தூவி இறக்கினாள். நாலு துண்டைக் கிண்ணத்தில் போட்டு, சாறு விட்டு, கரண்டியால் மசித்தாள். ஒரு திப்பிகூட இருக்கக் கூடாது. இருநூறு பேருக்கு வடிக்கிற கை, ஒரே ஒரு கிண்ணத்தைத் திரும்பத் திரும்ப மசித்தது.

மகள் எழுந்து அப்பாவைத் தூக்கி, முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்காரவைத்தாள்.

முதல் ஸ்பூனை அவர் உதட்டருகே கொண்டுபோனாள். வாய் மூடியே இருந்தது. அவர் அவளைப் பார்த்தார். மூன்று வாரமாக வழித்துப் போட்ட கஞ்சியெல்லாம் அவளுக்குக் கண்முன் வந்தது. வற்புறுத்தவில்லை. ஸ்பூனை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

வாய் ஒரு பக்கமாகத் திறந்தது.

உள்ளே போனது. தாடை மெல்ல அசைந்தது. தொண்டை ஏறி இறங்குவதை மூன்று பேரும் பார்த்தார்கள். ஒரு இருமல். மகள் பதறி முதுகில் கை வைத்தாள். இன்னொரு இருமல், அப்புறம் தொண்டை மறுபடியும் ஏறி இறங்கியது. அவ்வளவுதான். வாய் திறந்தது. இரண்டாவது, மூன்றாவது. உதட்டோரம் வழிந்ததை அவரே இடது புறங்கையால் துடைத்துக்கொண்டார். கிண்ணத்தின் அடி தெரிந்தது. இன்னும் இரண்டு கரண்டி எடுத்து மசித்தாள்.

தெருவில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு வண்டி வந்து நின்றது. ஹாரன் அடித்தது. மகள் பையை எடுக்கவில்லை, அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

அக்காவுக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தாள்.

"ஏங்க, உண்மையச் சொல்லுங்க. நல்லா இருக்கா?"

ரம்பக்காரர் நாக்கால் அண்ணத்தைத் தடவினார். யோசித்தார். டம்ளரைத் தேடி எடுத்தார்.

டங்.

இரண்டாவதுக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். வரவில்லை. டம்ளரை ஸ்டூல்மேல் வைத்துவிட்டு, வாயைத் திறந்து அடுத்த ஸ்பூனுக்காகக் காத்திருந்தார்.

அக்கா சிரித்தாள். அழுகையும் கலந்து, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். வெளியே ஹாரன் மறுபடியும் அடித்தது.

"நல்லா இல்லையாம்டி" என்றாள் மகளிடம், ஸ்பூனை நிரப்பிக்கொண்டே. "வண்டி வேணாம்னு போய்ச் சொல்லிட்டு வா."